மேடையிலிருந்து திரைக்கு வந்த வசனப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு நண்பரின் வீட்டு மேல்மாடியில் நாங்கள் சிலர் அவ்வப்போது கூடிப் படம் பார்த்துவிட்டுப் பேசுவது வழக்கம். நாடகத்திலிருந்து உருவான படம் ஒன்றைத் திரையிடும் நாட்களில் மட்டும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு சாரார் எழுத்தின் அழகைப் புகழ, மறு சாரார் "இது படமே இல்லை, நாடகம்" என்று எழுந்து தேநீருக்குப் போய்விடுவார்கள். ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்க நேர்ந்ததால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து விடையெழுதியிருக்கிறேன். நான் இவ்வகைப் படங்களின் பக்கம் சாய்ந்தவன் என்பதை வாசிப்பவர்கள் முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

நாடகத்தைக் கமராவால் எடுத்தால் அதுவே படம்தானே? தழுவல் என்று ஏன் தனியாகச் சொல்கிறீர்கள்?

பார்வையாளர்கள் அமர்ந்திருக்க, மேடையில் நடப்பதைப் பல கமராக்களால் பதிவு செய்வது ஒரு வகை. லண்டனின் நேஷனல் தியேட்டர் 2009 முதல் தன் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பி வருவது இதற்குச் சேரும். அங்கே நடிகர் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பேசுகிறார். கமரா அதைத் தொலைவிலிருந்து எட்டிப் பார்க்கிறது.

தழுவலில் அந்தக் கடைசி வரிசையே கிடையாது. காட்சிகள் துண்டு துண்டாக, பல நாட்களில், கதை வரிசை மாறியும் எடுக்கப்படுகின்றன. யாருடைய முகத்தை எவ்வளவு நேரம் காட்டுவது என்பதை நெறியாளரும் படத்தொகுப்பாளரும் முடிவு செய்கிறார்கள். கீழே பேசப்படுவது இந்த இரண்டாவது வகை மட்டுமே.

தமிழில் அப்படி எத்தனை படம் வந்திருக்கப் போகிறது? அது ஆங்கிலப் படக்காரர்களின் பழக்கம் இல்லையா?

இல்லை. 'வேலைக்காரி' (1949) சி. என். அண்ணாதுரையின் நாடகம். 'பராசக்தி' (1952) பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திலிருந்து வந்து, மு. கருணாநிதியின் வசனத்தால் வேறொரு உயரத்துக்குப் போனது. 'ரத்தக்கண்ணீர்' (1954), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), கே. பாலசந்தரின் 'சர்வர் சுந்தரம்' (1964), 'எதிர்நீச்சல்' (1968), சுந்தரத்தின் 'வியட்நாம் வீடு' (1970), சோவின் 'முகமது பின் துக்ளக்' (1971) எல்லாமே முதலில் மேடையில் கைதட்டல் வாங்கியவை. "நாடகப் படமே எனக்குப் பிடிக்காது" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு 'சர்வர் சுந்தரம்' மனப்பாடம்.

நம் நாட்டிலும் கதை அப்படித்தான் தொடங்குகிறது. முதலாவது சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' (1947), பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழு மேடையேற்றிய நாடகம், எஸ். எம். நாயகம் தயாரிக்க, தென்னிந்தியாவில் படமாக்கப்பட்டது. இலங்கைத் தமிழ்ப் படங்களில் 'கோமாளிகள்' (1976) வானொலி நாடகத்திலிருந்து வந்தது.

படம் முழுக்கக் கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இதை வானொலியில் கேட்டாலே போதாதா?

எங்கள் கூட்டத்தில் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. 'கோமாளிகள்' வானொலியில் ஏற்கெனவே பெரும் வெற்றி பெற்றிருந்ததால், கேட்பவரின் வாதத்துக்கு வலுவும் உண்டு. வானொலியில் போதுமானதாக இருந்த ஒன்றைத் திரைக்குக் கொண்டுவரும்போது, கண்ணுக்கு ஏதாவது புதிதாகக் கிடைக்க வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் உங்கள் குறை நியாயமானது.

ஆனால் கண்ணுக்குக் கிடைப்பதை நாம் தவறான இடத்தில் தேடுகிறோம். பேசுகிறவரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். பேச்சுப் படத்தின் உயிர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தில் இருக்கிறது. மேடையில் யாரைப் பார்ப்பது என்பது நம் விருப்பம். திரையில் அந்தத் தேர்வை நெறியாளர் நமக்காகச் செய்துவிடுகிறார். அவர் அதை எவ்வளவு கூர்மையாகச் செய்கிறார் என்பதே நான் வைத்திருக்கும் முதல் அளவுகோல்.

லிலியன் ஹெல்மனின் நாடகத்தை வில்லியம் வைலர் 1941இல் 'த லிட்டில் ஃபொக்ஸஸ்' என்ற படமாக எடுத்தார். அதில் இதய நோயாளியான கணவனின் மருந்துப் போத்தல் கைதவறிப் போகிறது. மாடியில் இருக்கும் மற்றப் போத்தலை எடுத்துவரும்படி மனைவியிடம் கெஞ்சுகிறான். அவள் அசையவில்லை. அவன் தானே எழுந்து, அவளுக்குப் பின்னால் படிக்கட்டை நோக்கித் தள்ளாடிப் போகிறான். கமரா அவனைப் பின்தொடரவில்லை. பெற் டேவிஸின் இறுகிய முகத்திலேயே நிற்கிறது. பின்னணியில், தெளிவற்ற உருவமாக, ஒரு மனிதன் படியில் விழுகிறான். இதை எந்த வானொலியாலும் தர முடியாது. மேடையிலும் இப்படிக் கிடைக்காது, ஏனெனில் மேடையில் நம் கண் விழுபவனிடமே ஓடியிருக்கும்.

ஒரே அறைக்குள் ஒன்றரை மணி நேரம். அதில் நெறியாளருக்கு என்ன வேலை?

வெளிப்புறக் காட்சிகள் உள்ள படத்தைவிட அதிக வேலை. '12 ஆங்ரி மென்' (1957) படத்தைச் சிட்னி லூமெற் எப்படி எடுத்தார் என்பதை அவரே எழுதியிருக்கிறார். முதல் மூன்றிலொரு பகுதியில் கமரா கண்மட்டத்துக்கு மேலே இருக்கிறது, அடுத்த பகுதியில் கண்மட்டத்துக்கு இறங்குகிறது, கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே போகிறது. கூடவே வில்லைகளின் குவியத்தூரமும், அதாவது தொலைவில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும் அளவும், படிப்படியாகக் கூடுகிறது. அதனால் சுவர்கள் நெருங்கி வருவதுபோலவும், கடைசியில் கூரையே தலைக்கு மேல் இறங்குவதுபோலவும் தோன்றுகிறது. பார்ப்பவர்களுக்குக் காரணம் தெரிவதில்லை. மூச்சு முட்டுவது மட்டும் தெரிகிறது. எலியா கசான் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' (1951) படத்தில் இதையே வேறு வழியில் செய்தார்: கதை முன்னேற முன்னேற அரங்கத்தின் சுவர்களையே உள்ளே நகர்த்தி அறையைச் சிறிதாக்கினார்.

இங்கே ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். நாடகத் தழுவலுக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்லும் படம் '12 ஆங்ரி மென்'. ரெஜினால்ட் ரோஸ் அதை 1954இல் தொலைக்காட்சிக்காக எழுதினார்; மேடை வடிவம் அதற்குப் பிறகு வந்தது.

இந்தக் காலத்து உதாரணம் வேண்டுமென்றால் 'த ஃபாதர்' (2020). ஃப்ளோரியன் செல்லர் தன் நாடகத்தைத் தானே இயக்கிய படம். அந்தோனி ஹொப்கின்ஸுக்கு ஒஸ்கார் பெற்றுத் தந்தது. ஞாபகம் தேயும் முதியவரின் கதை. அவருடைய வீட்டின் தளபாடங்களும் சுவர் நிறங்களும் நமக்குச் சொல்லாமலே மாறிக்கொண்டு வருகின்றன. அவர் குழம்பும் அதே அளவுக்கு நாமும் குழம்புகிறோம்.

கொஞ்சம் வெளியே கொண்டுபோய் எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே? கடற்கரை, தெரு, வாகனம் என்று ஏதாவது?

தயாரிப்பாளர்களும் இதையேதான் கேட்பார்கள். அல்பிரட் ஹிட்ச்கொக் இந்தப் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தவர். ஒரு நாடகத்தின் பலமே அதன் அடைபட்ட இடம்தான் என்பதும், வெளியே ஒரு வாகனம் வந்து நிற்பதைக் காட்டுவதால் படம் சினிமாவாகிவிடாது என்பதும் அவர் கருத்து. 'டயல் எம் ஃபோர் மர்டர்' (1954) படத்தில் அவர் வீட்டைவிட்டு அதிகம் நகரவில்லை. கொலை வழக்கின் விசாரணையைக்கூட நீதிமன்றம் கட்டிக் காட்டாமல், கிரேஸ் கெலியின் முகத்தையும் அதன் பின்னால் மாறும் வண்ண ஒளியையும் வைத்தே முடித்துவிட்டார்.

ஆயினும் இதை விதியாக்க நான் தயாரில்லை. 'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஒஃப் வர்ஜீனியா வுல்ஃப்' (1966) படத்தில் மைக் நிக்கல்ஸ் நாடகத்தின் ஒற்றை வரவேற்பறையை விட்டுப் பாத்திரங்களைச் சாலையோர விடுதிக்குக் கூட்டிப்போகிறார். அந்த இடம் எனக்கு இன்றும் தேவையற்றதாகவே படுகிறது. நான்கு பேரும் தப்பிக்க முடியாமல் ஒரே அறையில் இருப்பதால் வந்த அழுத்தம் அங்கே கசிந்துவிடுகிறது. மறுபக்கம், டேவிட் மமெற்றின் 'கிளென்கரி கிளென் ரோஸ்' (1992) படத்தில் அலெக் போல்ட்வின் விற்பனையாளர்களை வறுத்தெடுக்கும் காட்சி நாடகத்தில் இல்லவே இல்லை. திரைப்படத்துக்காக மமெற் புதிதாக எழுதியது. அந்தப் படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் நினைவுகூர்வதும் அதையே. கவனித்தால் அதுவும் ஓர் அறைக்குள் நடக்கும் பேச்சுதான்.

விசுவின் 'உறவுக்குக் கைகொடுப்போம்' நாடகம் 1975இல் அதே பெயரில் படமானது. 1986இல் 'சம்சாரம் அது மின்சாரம்' என்று மறுபடியும் படமாகித் தேசிய விருதும் பெற்றது. முதலாவது இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஒரே நாடகம், இரண்டு படங்கள், இரண்டு விதிகள். இரண்டாவது படத்தில் அப்பாவும் மகனும் பிரிந்தபின் வீட்டின் நடுவே கோடு போடும் காட்சியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குத் தேவைப்பட்டது ஒரு தரையும் ஒரு கோடும்.

நடிப்பு 'நாடகத்தனமாக' இருக்கிறது என்கிறோமே, அது சரியாக என்ன குறை?

மேடைப் பழக்கம் உள்ள நடிகர் குரலையும் உடலையும் மண்டபத்தின் அளவுக்கு விரிக்கிறார். கமரா மூன்றடி தூரத்தில் இருக்கும்போது அதே விரிவு கண்ணை உறுத்துகிறது. புருவம் சற்றே உயர்ந்தாலே போதுமான இடத்தில் கை முழுவதும் உயர்கிறது. வசனத்தின் முடிவில் கைதட்டலுக்காக விடும் சிறு இடைவெளியும் அப்படியே தங்கிவிடுகிறது. திரையரங்கில் அந்த இடைவெளி நிரம்பலாம். வீட்டில் தனியாகப் பார்ப்பவருக்கு அது வெற்றிடம்.

ஆனால் மிகை எல்லாமே குறையாகாது. 'ரத்தக்கண்ணீர்' படத்தில் எம். ஆர். ராதாவின் குரலும் உடல்மொழியும் அப்பட்டமாக மேடைக்குரியவை. அந்தப் பாத்திரமோ ஊரையே தன் பார்வையாளராக்கிக்கொண்டு, எப்போதும் யாரையாவது கிண்டல் செய்து வாழ்பவன். அவன் நடிப்பவனாகத் தெரிவது பாத்திரத்துக்குப் பொருந்துகிறது. அதே தொனியை அவனுடைய மனைவி பாத்திரத்துக்குக் கொடுத்திருந்தால் படம் சரிந்திருக்கும்.

'பராசக்தி' நீதிமன்றக் காட்சியை அப்பா கொண்டாடுகிறார், எனக்குச் சிரிப்பு வருகிறது. யாருக்கு ரசனை இல்லை?

இருவருக்கும் இருக்கிறது, இருவரும் வேறு வேறு பொருளைப் பார்க்கிறீர்கள். நீதிமன்றம் இயல்பிலேயே மேடை. அங்கே ஒருவர் எழுந்து நின்று, சபை கேட்க, நீளமாகப் பேசுவது உலக வழக்கம். அதனால் அந்த நீண்ட உரைக்குக் கதைக்குள்ளேயே நியாயம் கிடைத்துவிடுகிறது. அத்துடன், அந்தப் பேச்சு நீதிபதியைத் தாண்டித் திரையரங்கில் இருந்த மக்களையே விளித்தது. மேடைப் பேச்சு அரசியலின் முதன்மைக் கருவியாக இருந்த காலத்தில், வசனம் ஒரு கட்சியின் குரலாகவும் இயங்கியது. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பாடல் ஊடகமாக ஆராய்ந்து 1981இல் ஒரு நூலே எழுதினார். படத்தின் வசனங்கள் புத்தகமாக விற்றன. இளைஞர்கள் அவற்றை மனனம் செய்து போட்டிகளில் பேசினார்கள்.

உங்கள் அப்பா கேட்பது அந்தக் குரலை. உங்களுக்குக் கிடைப்பது அந்தச் சூழல் இல்லாத ஒரு கறுப்பு வெள்ளைக் காட்சி. அடுத்த தடவை பேசுபவரை விட்டுவிட்டு, மூன்றாவது விடையில் சொன்னபடி, கேட்டு நிற்கும் முகங்களைப் பாருங்கள். அதன் பிறகும் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கலாம்.

மகேந்திரன் வசனத்தைக் குறைத்துத்தானே நல்ல சினிமா எடுத்தார்? அதற்குப் பிறகும் ஏன் இந்த வக்காலத்து?

வலுவான வாதம், ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். சிவாஜி கணேசன் மேடையில் நடித்து, பின்னர் 1974இல் படமாகவும் வந்த 'தங்கப்பதக்கம்' மகேந்திரன் எழுதியதே. அனல் பறக்கும் வசனங்களின் உச்சம் அது. அதே மனிதர் 'முள்ளும் மலரும்' (1978), 'உதிரிப்பூக்கள்' (1979) என்று எடுத்தபோது மௌனத்தையும் முகங்களையும் நம்பினார். வசனத்தின் பலத்தையும் சலிப்பையும் உள்ளிருந்தே அறிந்தவர் எடுத்த முடிவு என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனால் 'உதிரிப்பூக்கள்' எப்படி முடிகிறது? ஆற்றங்கரையில், தன்னைச் சாகச் சொல்லிச் சூழ்ந்து நிற்கும் ஊராரிடம், நல்லவர்களான உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேனே, நான் செய்த தவறுகளில் பெரியது இதுதான் என்ற பொருளில் அந்தக் கொடியவன் பேசுகிறான். அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் படத்தின் முடிவு வெறும் பழிவாங்கலாகிவிடும். பேச்சைக் குறைத்த படத்திலும் கடைசிச் சுமையைத் தாங்குவது பேச்சு. அது விழும்போது மகேந்திரன் நம்மைப் பார்க்க வைப்பது, கேட்டு நிற்கும் ஊராரை.

என் சிங்கள நண்பர்கள் 'மேடைத்தனம்' என்றாலே பழைய காலத்துப் படம் என்று ஒதுக்குகிறார்கள். ஏன் இவ்வளவு கோபம்?

அதற்கு வரலாறு இருக்கிறது. இரண்டாவது விடையில் சொன்ன 'கடவுணு பொறொந்துவ' வெற்றி பெற்றதும், மேடை நாடகமும் தென்னிந்தியக் கலையகமும் சேர்ந்த அந்த வழியிலேயே படங்கள் வரத் தொடங்கின. வரைந்த திரைச்சீலைகள், இரவல் மெட்டுகள், உரத்த பேச்சு. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் 'ரேகாவ' படத்துக்காகக் கமராவைக் கலையகத்துக்கு வெளியே, கிராமத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு அது கான் திரைப்பட விழாவரை சென்றது. அன்றிலிருந்து நல்ல சிங்களப் படம் என்றால் மேடையை விட்டு விலகியது என்ற எண்ணம் விமர்சகர்களிடம் ஊறிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை: அதே 1956 நவம்பரில், கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியது. பாட்டும் ஆட்டமும் நிறைந்த அந்த நாடகம் இயல்புவாதத்தை முற்றாக உதறியது. ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில், சினிமா இயல்பை நோக்கியும் நாடகம் அதற்கு எதிர்த்திசையிலும் நடந்தன. பழைய மேடைத்தனத்தின் மீது இரு கலைகளுக்கும் ஒரே கோபம். ஆகவே உங்கள் நண்பர்கள் கோபிப்பது ஒரு குறிப்பிட்ட காலத்து வார்ப்பின்மீது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சப்டைட்டில் வாசிப்பதிலேயே நேரம் போகிறது. முகத்தைப் பார்க்கச் சொன்னால் எப்படிப் பார்ப்பது?

உண்மையான சிரமம். மமெற் போன்றவர்களின் பாத்திரங்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசும். உபதலைப்பில் அதில் பாதிதான் வரும். கதைச் சுருக்கத்தை முன்கூட்டியே வாசித்துவிடுவதில் தவறில்லை, இவ்வகைப் படங்களில் திருப்பத்தை அறிந்துகொள்வதால் அதிகம் இழப்பதில்லை. இன்னும் எளிய வழி, தமிழில் தொடங்குவது.

பரிசெல்லாம் வாங்கிய 'ஃபென்ஸஸ்' படத்தையே சிலர் படமில்லை என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?

ஓகஸ்ட் வில்சனின் நாடகத்தை டென்சல் வொஷிங்டன் 2016இல் இயக்கினார். அவரும் வயோலா டேவிஸும் 2010இல் பிராட்வே மேடையில் அதே பாத்திரங்களை ஏற்று டோனி விருது பெற்றவர்கள். படத்துக்காக டேவிஸுக்கு ஒஸ்காரும் கிடைத்தது. எதிர்ப்பவர்கள் சொல்வது இதுதான்: கொல்லைப்புறத்தில் ஆட்கள் நின்று பேசுகிறார்கள், கமரா அதைப் பவ்வியமாகப் படம்பிடிக்கிறது, நெறியாளர் எழுத்துக்குப் பயந்துவிட்டார். ஆதரிப்பவர்கள், வில்சனின் சொற்களின் தாளமே அங்கே காட்சி, அதை வெட்டினால் எதுவும் மிஞ்சாது என்கிறார்கள். பிரெஞ்சு விமர்சகர் அந்த்ரே பசான் 1951இலேயே இந்த இரண்டாவது தரப்புக்குக் கோட்பாட்டு வலு கொடுத்துவிட்டார். நாடகத்தை நாடகம் என்று மறைக்காமல் எடுக்கும் படமே நேர்மையானது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். மேலே சொன்ன படிக்கட்டுக் காட்சியைப் புகழ்ந்தவரும் அவரே.

நான் இரு தரப்புக்கும் பாதி பாதி என்று தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. வயோலா டேவிஸ் கணவனின் துரோகத்தைக் கேட்டு, கண்ணீரும் மூக்குநீரும் துடைக்காமல் பதில் சொல்லும் இடத்தில் கமரா அவ்வளவு அருகில் நிற்பது மேடையில் கிடைக்காத அனுபவம். அங்கே அது முழுமையான சினிமா. ஆனால் தெருவுக்கும் குப்பை வண்டிக்கும் போகும் தொடக்கக் காட்சிகளில் படம் சாக்குச் சொல்வதுபோலத் தோன்றுகிறது. அந்த வகையில் எதிர்ப்பவர்களின் எரிச்சலில் நியாயம் இருக்கிறது, அவர்கள் சுட்டும் இடம்தான் தவறு.

வசனத்தை முழுக்க எடுத்துவிட்டு ஒரு நாடகத்தைப் படமாக்க முடியாதா?

முடியும். அகிரா குரோசாவா 'த்ரோன் ஒஃப் பிளட்' (1957) படத்தில் ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்'தை எடுத்துக்கொண்டு, அதன் கவிதை வரிகளை விட்டுவிட்டார். பதிலுக்கு மூடுபனியும், காடும், ஜப்பானிய நோ நாடகத்தின் உறைந்த முகங்களும் வந்தன. ஒரு நாடக மரபை விலக்கி இன்னொரு நாடக மரபைக் கொண்டுவந்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மூல நாடகத்தை வாசிக்காமல் படத்தைக் குறை சொல்லலாமா?

தாராளமாக. படம் தன் காலில் நிற்க வேண்டும். மூலத்தோடு ஒப்பிட விரும்பினால் மட்டும் வாசித்துவிட்டு வாருங்கள்.

நாங்கள் மேடையேற்றிய ஒரு நாடகத்தைக் கொழும்பிலேயே படமாக்க நினைக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் ஒலி. வசனமே உயிரான படத்தில் ஒலி கெட்டால் எதுவும் மிஞ்சாது. காலி வீதியின் இரைச்சல், கரையோர ரயில், விடிந்ததும் தொடங்கும் காகங்கள், இவற்றுக்கிடையே நேரடி ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்றால் கடலுக்கும் வீதிக்கும் நடுவில் உள்ள வீடுகளைத் தவிருங்கள். காட்சியின்போது மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். நடிகர்கள் வியர்ப்பார்கள், அதைக் கதைக்குப் பயன்படுத்த முடியுமா என்று யோசியுங்கள். பின்னர் குரல் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், எதிராளியின் பேச்சைக் கேட்கும் கணத்தில் வரும் மூச்சும் தயக்கமும் மீண்டும் கிடைப்பது அரிது.

அடுத்தது மொழி. மேடையில் பாத்திரங்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பொதுத் தமிழ் பேசினாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார்கள். கமரா அருகில் வந்ததும் பருத்தித்துறைக்காரரும், மட்டக்களப்பிலிருந்து வந்தவரும், மலையகத்துப் பெண்ணும், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவரும் ஒரே மாதிரிக் கதைத்தால் பொய் தெரிந்துவிடும். தென்னிந்தியப் படங்களின் பேச்சு நடை தானாக நுழைவதையும் ஒத்திகையிலேயே தடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, ஏற்கெனவே மேடையில் நடித்தவர்களையே போடுவதானால், படப்பிடிப்புக்கு முன் ஒரு சிறிய அறையில், மேசையைச் சுற்றி அமர்ந்து, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில் முழுப் பிரதியையும் வாசிக்கச் செய்யுங்கள். வாசிப்பவரைத் தவிர மற்றவர்களின் முகங்களை நெறியாளர் குறித்துக்கொண்டு வரட்டும். எந்த வசனத்தின்போது கமரா யாரிடம் இருக்க வேண்டும் என்ற பட்டியலில் பெரும் பகுதி அந்த ஒரே அமர்வில் கையில் கிடைத்துவிடும்.